மெதுவாப் போற குண்டு

இந்த டீ கிளாஸ் மேல சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. பாதி குடிச்ச டீ. நான் எங்கனா கதை வுட்டேன்னா மீதி தொண்டையில எறங்காம மூக்கு வழியா வரட்டும், நீங்களே பாத்துகினுதான இருக்கீங்க. பொய் சொல்றதுக்கெல்லாம் கொஞ்சம் படிச்சிருக்கணும். நம்ம படிப்பு மூணாங்கிளாசு, அதுவும் வாத்தியாரு லீவுல போனப்ப பாஸானது. அதனால நடந்தது நடந்தபடி. அடுத்தவன் மனசுக்குள்ள ஓடுனது உனக்கு எப்பிடிய்யா தெரியும்னு கேப்பீங்க. அவனே சொன்னான். ஒண்ணு வுடாம, அழுதுகினே, பொரி தின்னுகினே சொன்னான். அத்த கடைசில வெச்சிக்கலாம்.

கொருக்குப்பேட்டையில ஒரு கோணி குடோன். தரையிலேர்ந்து கூரை வரிக்கும் பழைய சாக்கு கட்டுக்கட்டா அடுக்கி, நடுவுல ஒரு ஆள் கால நீட்டிப் படுக்குற அளவுக்குத்தான் எடம். அங்க ஒரு ஸ்டூல் மேல டுமீல் எத்திராசு குந்திகினு இருந்தான். முன்னால கவுத்துப் போட்ட ஒரு மரப்பொட்டி. பொட்டி மேல ஒரு கைத்துப்பாக்கி, அது மூக்குல நீளமா ஒரு கறுப்புக் குழா, அதான் சத்தத்த அமுக்குற குழா. பக்கத்துல மூடி தெறந்த ரெண்டு எவர்சில்வர் சம்படம், ரெண்டுலயும் குண்டு. நெசமான குண்டு. எத்திராசு நெசமான குண்ட பொறந்ததுலேர்ந்து அன்னிக்குத்தான் மொத தபா பாக்குறான். இத்த வாயத் தெறந்து சொல்ல முடியாது, ஏன்னா ஊருக்கே அவன் துப்பாக்கி வாத்தியாரு. வடபழனியில சினிமாவுக்கு துப்பாக்கி வாடகைக்குக் குடுக்குற கடையில, தலமுடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து வேலை. வெத்து தோட்டாவுல மருந்து ரொப்பி, பஞ்சு அடச்சி, காதுகிட்ட வெச்சி ஆட்டிப் பாத்துட்டு, ம், இது நல்லா பாடும்பான். ஹீரோ கையில குடுக்குறதுக்கு முன்னால மொத வெடிய அவனே, தன் கால் பக்கத்துல இருக்குற மணல் பக்கெட்டுல வெடிச்சிக் காட்டுவான். மொத வெடி எத்திராசு வெடின்னு யூனிட்டுல ஒரு மொறையே உண்டு. எத்தினி வில்லன சாவடிச்சிருக்கான்! எல்லாரும் எழுந்து மூஞ்சி கழுவிட்டு வரிசையில நின்னு சாம்பார் சாதம் வாங்கித் தின்னுட்டுப் போயிருக்கானுங்க. இந்த சம்படத்துல இருக்குறது பட்டா எவனும் எழுந்து சாம்பார் சாதம் தின்ன மாட்டான். அந்த நெனப்பு வந்த ஒடனே எத்திராசு ஸ்டூல ஒரு சாண் பின்னால இழுத்துப் போட்டுகினான்.

எதுர்ல கோணி மண்டி ஏகாம்பரம் சாப்ட்டுகினு இருந்தாரு. பெரிய எல, வஞ்சிரம் வறுவல், கொழம்பு. பக்கத்துல நாவப்பழம் நின்னுகினு இருந்தான். மாவா பாக்கு போட்டுப் போட்டு ஒதடு நாவப்பழம் மாதிரி கறுத்துப் போனதால அந்தப் பேரு. அவன்தான் சுடப் போறவன்.

"வாத்தியாரே, நான் கை கழுவுறதுக்குள்ள எதுன்னு சொல்லிடு. அவசரமில்ல. ரசம் இன்னும் வரல" அப்பிடின்னாரு ஏகாம்பரம். மெரட்டுறவன் குரலே இல்ல அது. பொண்ணு வூட்டுல மாப்ளய கவனிக்கிற குரலு. அதான் எத்திராசுக்கு பயமே.

விசயம் இதான். குண்டு அனுப்புன ஆளு போன்ல வெலாவாரியா சொல்லிட்டான். ரெண்டு ரகம் அனுப்பிக்கிறேன். ஒண்ணு சாதா, அது சத்தத்த வுட வேகமா பறக்கும், போற வழியில காத்தயே கிழிக்கும், குழா மாட்னாலும் டமார்னு கேக்கும். இன்னொண்ணு இந்தக் குழாய்க்குன்னே செஞ்சது, சத்தத்துக்குப் பின்னாலயே மெதுவாப் போவும், ஊருக்குத் தெரியாது. அத்தப் போடுங்க. சரி. ரெண்டும் கேவுறு மாவு மூட்டைக்குள்ள பொதஞ்சி வந்துது. நாவப்பழம் பெரிய சுத்தக்காரனாச்சே. பொட்டிய எல்லாம் பிரிச்சி, மாவ ஊதி, குண்ட எல்லாம் தொடச்சி, ரெண்டு சம்படத்துல அழகா அடுக்கிட்டு, எழுத்து போட்ட அட்டப்பொட்டிய அடுப்புல போட்டுட்டான். இப்ப எது எதுன்னு அவனுக்கும் தெரியல, அவன் அண்ணன் ஏகாம்பரத்துக்கும் தெரியல. அனுப்புனவன் போன அமுத்தி வெச்சிட்டான். அப்பத்தான் நாவப்பழத்துக்கு ஞாபகம் வந்துது, யூடியூப்புல ஒரு ஆளு தோட்டாவ காதுல ஆட்டியே சாதகம் சொன்னானே, அவன இட்டாந்தா இன்னான்னு.

அந்த யூடியூப்காரன் மட்டும் அன்னிக்கு வராம இருந்திருந்தா. வந்தான், மைக்க சட்டையில குத்துனான், சைலன்சர் துப்பாக்கியப் பத்தி சொல்லுங்கண்ணேன்னான். எத்திராசு சொல்லியிருக்கணும், தம்பி, அது பிளாஸ்டிக் பைப்பு, கறுப்பு பெயிண்டு அடிச்சது, உள்ள ஒண்ணும் இல்ல, வெடிக்காது. வெடிக்காததால சாவுறவனுக்கு எப்ப வுழணும்னு தெரியாது. அதனால கேமரா பின்னால நின்னுகினு நான்தான் வாயால 'புஸ்க்'ன்னு சொல்லுவேன், சொன்ன ஒடனே அவன் நெஞ்சப் புடிச்சிகினு வுழுவான். இதான் நெசம். ஆனா வாயிருக்கே வாயி. சைலன்சர் நம்ம கைக்கொழந்த மாதிரி, எந்தக் குண்டா இருந்தாலும் காதுல ஒரு ஆட்டு ஆட்னா அதுவே பேசும், அப்பிடின்னு சொல்லிச்சு அந்த வாயி. பொண்டாட்டி கஜலட்சுமி கல்யாணமான புதுசுலயே சொன்னா, யோவ், உன் வாயி உன் மூளைக்கு முன்னால ஓடுதுய்யா, ஒரு நாளு மூளை வந்து சேர்றதுக்குள்ள வாயி எங்கயோ மாட்டிகினு இருக்கும். சொன்னவ இப்ப வூட்டுல முருங்கக்கீர ஆஞ்சிகினு இருப்பா. கீர வாங்கி வெச்சவனே இவன்தான். கடைக்குப் போயிட்டு வரேன்னு சொன்னவன் இங்க கீறான்.

"ஆட்டிப் பாரு தலீவா, அதான் ஆட்டுவியே" அப்பிடின்னான் நாவப்பழம்.

ஆட்டுனான். இந்த சம்படத்துலேர்ந்து ஒண்ணு, அந்த சம்படத்துலேர்ந்து ஒண்ணு. காதுகிட்ட. கேவுறு மாவு வாசன வந்துது. அது மட்டும்தான் வந்துது. மூஞ்சிய மட்டும் பெரிய டாக்டர் மாதிரி வெச்சிகினு, "ம்ம்"ன்னான். ம்ம்ன்னா இன்னா அர்த்தம்னு அவனுக்கே தெரியாது. ஆனா கையில ஒண்ணு தெரிஞ்சிது. எடது சம்படத்துது ஒரு பொட்டு கனம் கூட. சரி, கனமா இருந்தா மெதுவாப் போவுமா, வேகமாப் போவுமா? தோ ஏகாம்பரம் கீறாரு, கனம், பத்தடி நடக்குறதுக்குள்ள மூச்சு வாங்குது. அப்ப கனம்னா மெதுவு. ஆனா பாலத்து எறக்கத்துல லோடு ஏத்துன லாரி வந்தா எப்பிடி வருது? காலி லாரிய வுட வெறி புடிச்சி வருது. அப்ப கனம்னா வேகம். குண்டு ஏகாம்பரமா லாரியா? மருந்து கூட போட்டதால கனமா? மருந்து கூட இருந்தா வேகம்தான? இல்ல ஈயம் கூடவா? ரெண்டும் பாக்குறதுக்கு அண்ணந்தம்பி மாதிரி இருக்குது. தெரியல. கூறு தெரியாதவன் கையில கொண்டாந்து குடுத்துட்டானுங்க.

சத்தத்துக்கே ஒரு வேகம் இருக்குதுன்னு மட்டும் அவனுக்குத் தெரியும். சின்ன வயசுல கூவத்துப் பாலத்து மேல நின்னுகினு பாத்திருக்கான். தூரத்துல ஒருத்தர் துணிய ஓங்கி கல்லுல அடிப்பாரு. துணி கல்லுல வுழுந்து, மறுபடி மேல கெளம்புன பொறவுதான் 'தொப்'னு சத்தம் இங்க வரும். சத்தம் சோம்பேறி. எல்லாம் முடிஞ்ச பொறவு வந்து இன்னா ஆச்சுன்னு கேக்குற சொந்தக்காரன் மாதிரி. அப்ப சாதா குண்டு அந்த சோம்பேறிய முந்திகினு போவுதுன்னா, பட்டவனுக்கு சத்தமே கேக்காது. மொதல்ல குண்டு வரும். சத்தம் பின்னால வந்து பாத்தா கேக்குறதுக்கு ஆளு இருக்க மாட்டான். ஊரே கேக்கும், செத்தவன் மட்டும் கேக்க மாட்டான். இது ஏன் இப்ப மண்டையில ஏறி குந்துச்சுன்னு தெரியல, எறங்க மாட்டேன்னுது. செத்தவன் மட்டும் கேக்க மாட்டான். செத்தவன் மட்டும்.

சாவப் போறவன் போட்டோ பொட்டி மேலயே கெடந்துது. துளசிங்கம். ஏகாம்பரத்துக்குப் பங்காளி. இந்தக் குடோன்ல பாதி அவுருது, எழுதிக் குடுன்னா மாட்டேங்குறாரு. சாயந்திரமானா கோயில் கொளத்துப் படியில குந்திகினு மீனுக்குப் பொரி போடுவாரு, அதான் அவுரு பொழப்பு. கொளத்துக்கு எதுருலயே போலீஸ்காரங்க குடியிருப்பு. அதுக்குத்தான் இந்தக் குழாயும் மெதுவாப் போற குண்டும். போட்டோவுல பாத்தா, சித்திர மாசத்து மெட்ராஸ் வெயிலு, பின்னால தெருநாய் நாக்கத் தொங்கப் போட்டுகினு நிக்குது, இந்தாளு மங்கி குல்லா மாட்டிகினு சிரிக்கிறாரு. காதுகிட்ட பஞ்சு வேற எட்டிப் பாக்குது. காத்து பட்டா ஆவாதாம். எத்திராசுக்கு மூஞ்சி மேல கண்ணு போவல, குல்லா மேலயே போவுது. அந்தக் குல்லாவ யாரு தொவச்சிப் போடுவாங்க? நாளைக்கு அது கொடியில காயுமா? போட்டோவுல கூட எவ்ளோ நம்பிக்கையா மாட்டிகினு இருக்குறாரு, உலகத்துலயே காத்து ஒண்ணுதான் தனக்கு எதிரின்னு. அழகனும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா மனுசன்.

"இந்தாளு ஏங்க வெயில்ல குல்லா போட்டுகினு கீறாரு?" வாயி கேட்டுட்டுது.

"காது வலிக்குமாம். இனிமே வலிக்காது" ஏகாம்பரம் முள்ள எடுத்து எல ஓரமா வெச்சாரு. "ரசம் வந்துட்சி வாத்தியாரே."

ரசம் வந்துட்சி. ரசம் முடிஞ்சா மோரு. மோரு முடிஞ்சா கை கழுவல். எத்திராசு கணக்குப் போட்டான். மெதுவாப் போறத எடுத்துக் குடுத்தா குல்லாக்காரன் காலி, எவனுக்கும் தெரியாது, நான் வூட்டுக்குப் போயி கீர சோறு துண்ணலாம். துண்ண முடியுமா? வேகமாப் போறத எடுத்துக் குடுத்தா சத்தம் வரும், போலீஸ்காரன் ஓடி வருவான், இல்ல இங்கயே சோதன பண்ணி பாத்துட்டு, வாத்தியாரே ஏமாத்துறியான்னு அடுத்தத என் மேலயே போடுவான். ஒண்ணு அவன், இல்ல நான். சரி, மனுசனா பொறந்தாச்சி, ஒரு முடிவு எடுப்போம். இன்னா முடிவு? நல்லவனா இருந்தா சத்தம் போடுறத எடுக்கணும். எடுக்குறேன். எது சத்தம் போடும்? தெரியாது. சரி, நான் நல்லவன் இல்ல, பயந்தாங்கொள்ளி, சத்தம் போடாதத எடுத்துட்டு உசுரோட போறேன். எது? தெரியாது. நல்லவனா ஆவுறதுக்கும் வழி இல்ல, கெட்டவனா ஆவுறதுக்கும் வழி இல்ல. சாமி இப்பிடி ஒரு எடத்துல ஆள கொண்டாந்து குந்த வெக்குமா? எடது. வலது. கனம். லேசு. ஏகாம்பரம். லாரி. ஏகாம்பரத்த லாரியில ஏத்துனா? சே. சாக்கு வாசன மூக்க அடைக்குது, கோணி தூசி தொண்டையில நமநமங்குது, தும்மலு வருது, தும்முனா கைத்துப்பாக்கி தானா வெடிச்சிடுமோன்னு மூக்கப் புடிச்சிகினான். அட, அதுல இன்னும் குண்டே போடலியே. குண்டு போடாத துப்பாக்கிக்கி மூக்கப் புடிக்கிறவனத்தான் இவனுங்க வாத்தியாருங்குறானுங்க. சிரிப்பு வந்துது. சிரிப்ப அமுக்குனா அழுக வந்துது. கஜா, நான் மட்டும் சின்ன வயசுல வேலைக்கி சேந்த தையக்கடையிலயே இருந்திருந்தா. பட்டன் கட்டிகினு. இது எந்தச் சட்ட பட்டன்னு கேட்டு எவனாவது உயிர எடுப்பானா?

ஏகாம்பரம் எலய மூடுனாரு. செம்புல தண்ணி எடுத்தாரு. வெரல ஒண்ணொண்ணா தேச்சித் தேச்சி கழுவுனாரு. துண்டுல தொடச்சாரு.

"எது?"

எத்திராசு நெனச்சிகினுதான் இருந்தான். இன்னும் லாரி எறக்கத்துலயே வந்துகினு இருந்துது. அதுக்குள்ள வாயி சொல்லிட்டுது. "வலது."

"ஏன் வலது?"

"பேசிச்சுங்க" அப்பிடின்னுது வாயி.

நாவப்பழத்துக்கு ஒரே குஷி. வலது சம்படத்துலேர்ந்து எடுத்து ரொப்பி, துப்பாக்கிய எத்திராசு கையில வெச்சான். "மொத வெடி எத்திராசு வெடி! யூடியூப்புல சொன்னியே. வெடி." சினிமா துப்பாக்கிய வுட இது கனம், உள்ளங்கையில ஒரு பிராணி குந்தியிருக்குற மாதிரி. மணல் பக்கெட்டு இல்ல. எதுருல சாக்குக் கட்டு, ஒரு மொழ தூரம். இப்ப டமார்னு கேட்டா நான் காலி. கேக்கலன்னா அவுரு காலி. டமார்னு கேக்கட்டும். வேணாம், கேக்க வேணாம். ரெண்டு வேண்டுதலும் ஒண்ணா சாமிகிட்ட போயி அங்க ஒண்ணோட ஒண்ணு அடிச்சிகினு இருக்கும்போதே வெரலு அமுங்கிட்டுது. அமுங்குற அதே நேரத்துல பழக்கதோசத்துல வாயி 'புஸ்க்'ன்னுது.

சாக்கு ஒரு தபா 'தொப்'புனு மூச்சு வுட்டுது. தூசி கெளம்புச்சி. அவ்ளோதான். கூரை மேல இருந்த புறா கூட அசையல.

ஏகாம்பரம் ஒரு கணம் முழிச்சாரு. பொறவு வவுறு குலுங்க சிரிச்சாரு. "டேய், துப்பாக்கிய வுட இவன் வாய்தாண்டா சத்தம்! வாத்தியாரே, நீ சாதாரண ஆளு இல்ல." முதுவுல ஒரு தட்டு. எத்திராசும் சிரிச்சான். சிரிச்சிகினே உள்ள ஒரு ஆளு ஒப்பாரி வெச்சிகினு இருந்தான். போச்சு. குல்லாக்காரன் போயிட்டான். சரியானத எடுத்துட்டேன். வாழ்க்கையில எப்பயாவது சரியா எதனா செஞ்சிருக்கேனா, இன்னிக்கா சரியா வரணும்? அப்புறம் தூசி அடங்க அடங்க இன்னொண்ணு தோணுச்சி. இம்மாஞ் சாக்கு. தரையிலேர்ந்து கூரை வரிக்கும் சாக்கு. ஒரு மொழம் கூட பறக்காத குண்டு எந்தக் காத்த கிழிக்கும்? இங்க தும்முனாலும் அமுங்கும், ஒப்பாரி வெச்சாலும் அமுங்கும். அப்ப சத்தத்த முழுங்குனது குண்டா, கோணியா? இத்த சொல்லலாமா? சொல்ல நெனச்சான். ஆச்சரியமா பாருங்க, அன்னிக்கு மொத தபா அந்த வாயி தெறக்கவே இல்ல.

"குண்டு உன்னுது, நீயும் வா"ன்னு கார்ல ஏத்திகினாங்க. பின் சீட்டு. பக்கத்துல நாவப்பழம், மடியில துண்டு, துண்டுக்குள்ள அது. தெருவுல எல்லாம் எப்பவும் போல. பூக்காரம்மா தண்ணி தெளிக்கிறா. ஒருத்தன் சைக்கிளுக்குக் காத்தடிக்கிறான். இறங்கி ஓடலாம். காலு எதுக்கு, ஓடத்தான? காலு கேக்கல. கத்தலாம். கொளம் வந்துட்டுது. படியில அந்தக் குல்லா. போட்டோவுல பாத்ததவுட சின்ன ஆளு. மடியில பொரிப்பொட்டலம், தண்ணியில மீனுங்க வாயப் பொளந்துகினு. நாவப்பழம் எறங்கி எட்ட நின்னான். வூட்டுக்கு வூடு வெளக்கேத்துற நேரம், காத்து கூட ஆடல. எத்திராசு கண்ண மூடிகினான். 'புஸ்க்'ன்னு சொல்லக் கூடாதுன்னு ஒதட்டப் பல்லால கடிச்சிகினான். சொல்லாட்டா அவுரு வுழ மாட்டாருன்னு ஒரு நெனப்பு. சொல்லாத. சொல்லாத. சொல்லாத.

டமார்!

கொளத்து நாலு பக்கத்துப் படியிலயும் முட்டி மோதி, திரும்பி வந்து, மறுபடியும் டமார். மரத்துக் காக்கா மொத்தமும் வானத்துல. சத்தமே வராதுன்னு நம்பி அலட்சியமா நின்னுகினு இருந்த நாவப்பழம் அவன் வெடிக்கு அவனே பதறி, பாசியில வழுக்கி, துப்பாக்கிய கொளத்துல வுட்டுட்டு எழுந்து ஓடுறான். எதுர்த்த குடியிருப்புலேர்ந்து லுங்கியோட, பனியனோட, ஒருத்தர் சோத்துக் கையோட போலீஸ்காரங்க தொரத்துறாங்க. டிரைவரு கதவு தெறந்தபடியே கார எடுக்க, எத்திராசு உருண்டு ரோட்டுல வுழுந்தான். தல தூக்கிப் பாத்தான். ஊரே திரும்பிப் பாக்குது. பூனை, பொம்பளைங்க, பஞ்சர் கடைக்காரன், எல்லாரும். படியில குந்தியிருக்குற அந்தக் குல்லா மட்டும் திரும்பல. அசையல.

செத்தவன் மட்டும் கேக்க மாட்டான்.

எத்திராசு தவழ்ந்துகினே படி எறங்குனான். கண்ணுல தண்ணி, படி தெரியல. ஐயா, நான்தான், என் வாய்தான், வலதுன்னு சொன்னது நான்தான். பக்கத்துல போயி தோளத் தொட்டான்.

குல்லா திரும்புச்சி. உள்ளேர்ந்து ரெண்டு கண்ணு இவன ஏற எறங்கப் பாத்துது. கையி பொரியத் தண்ணியில தூவிகினே இருந்துது. குறி தப்புன குண்டு எட்டத் தண்ணிக்குள்ள போயிட்டுது.

"இன்னா நைனா, பசியா? பொரி துண்றியா?"

"சத்தம்... சத்தம் கேக்கலியா?" எத்திராசு கேக்குறான்.

"இன்னாது?"

"சத்தம்!"

"இருப்பா." துளசிங்கம் குல்லாவ மேல தூக்கி, காதுலேர்ந்து பஞ்ச உருவுனாரு. "இப்ப சொல்லு. ஏன் அழுவுற?"

அப்பத்தான் சொன்னான். கீரையிலேர்ந்து ஆரம்பிச்சி. சம்படம், கனம், லாரி, பாலம், ரசம், மோரு. பொரிய அள்ளி அள்ளி வாயில போட்டுகினு, ரெண்டு நெசம் சொல்றதுக்குள்ள ஒரு தபா விக்கிகினு. தெரியாம காப்பாத்திட்டேன் ஐயா, கொல்லவும் தெரியல, காப்பாத்தவும் தெரியல, என்னிய இன்னா பண்றது சொல்லுன்னு கேட்டான். அதுக்கு துளசிங்கம் பொட்டலத்த அவன் பக்கமா நவுத்தி வெச்சாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மீனுக்குப் போட்டாங்க. அப்புறம் தொரத்திப் போன போலீஸ்காரங்க மூச்சு வாங்க நாவப்பழத்த இட்டுகினு திரும்பி வந்தாங்க, எத்திராசு தானா எழுந்து அவங்க முன்னால போயி நின்னு மறுபடியும் கீரையிலேர்ந்து ஆரம்பிச்சான். ஏகாம்பரம் இப்ப எங்க கீறாருன்னு கேக்காதீங்க. அங்க மணியடிச்சாத்தான் சோறு, வஞ்சிரம் கெடையாது.

எத்திராசு சாட்சி சொல்லிட்டு வந்து மறுபடியும் பட்டன் கட்டுறான். இப்பயும் ராவுல எழுந்து குந்திகினு, கஜா, கனம்னா மெதுவா வேகமான்னு கேக்குறானாம். அவ தலவாணிய மூஞ்சில வெச்சிகினு திரும்பிப் படுக்குறாளாம்.

அவ்ளோதான். பாருங்க, மீதி டீயும் எறங்கிட்டுது, மூக்குல ஒரு சொட்டு வரல. சத்தியம் சத்தியம்தான். இப்ப மூணாங்கிளாசு வரிக்கும் படிச்சவன் கூலியக் குடுங்க. டீ காசும் உங்களுதுதான், பொரிக்கும் சேத்துப் போடுங்க, மீனுங்க காத்துகினு கீது. தோ, குல்லாவ கழட்டி நீட்டியாச்சி. சில்லறயா போடாதீங்க, சொல்லிட்டேன். காதுல பஞ்சு இருக்குது, வுழுந்தாலும் கேக்காது. நோட்டா போடுங்க, கண்ணு நல்லாத் தெரியுது.